ஜன்னலுக்குப் போன குளவிகள்

சித்தையன்கோட்டைத் தோப்புக்காரர் தன் தென்னை மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டார். வெட்டப் போகிற மரத்துக்குத்தான் அப்படிப் போடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போதே அந்த வெள்ளைக் கோடுகள் என் கண்ணில் பட்டன. தோப்புக்குள் போய்ச் சேருவதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது.

"என்னய்யா இது, ஒரு வார்த்தை சொல்லாம குறி போட்டுட்டீங்க?"

"நீங்களும் எம்புட்டு தடவதான் வருவீங்க டீச்சரம்மா" என்றார் அவர். "ஒங்க பூச்சிய விட்டுப் பாத்தாச்சு. ஓலை கருகுறது நிக்கல. வெட்டிட்டு ஆடியில கடலை போட்டுறலாம்னு இருக்கேன்."

நான் டீச்சர் இல்லை. கைப்பையும் குடையுமாகத் தனியாகப் பஸ் ஏறி வருகிற பெண் வேறு யாராக இருக்க முடியும் என்று அந்த ஊரே முடிவு கட்டிவிட்டது. அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு வாடகைக் கட்டடத்தில் குளவி வளர்க்கும் நிலையம் ஒன்று இருந்தது. அதில் நான் உதவியாளர். தென்னை ஓலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழு புகுந்த தோப்பு தீப்பிடித்து அணைந்தது போல நிற்கும். அந்தப் புழுவைத் தேடிப் போய்க் கொட்டி மயக்கி, அதன் உடம்பின் மேலேயே முட்டை வைக்கும் ஒரு கறுப்புக் குளவி உண்டு. எறும்பு அளவுதான் இருக்கும், மனிதரைக் கொட்டாது. அதன் குஞ்சுகள் புழுவை உறிஞ்சி வளரும். அவை கூடு கட்டி முடிக்கும் வரை தாய் நகராமல் பக்கத்திலேயே காவல் நிற்கும். இந்தக் குளவியைக் கண்ணாடிக் குழாய்களில் பெருக்கித் தோப்புகளில் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் வேலை.

மருந்தும் அடிக்க வேண்டாம், மரத்தையும் வெட்ட வேண்டாம், குளவி பார்த்துக்கொள்ளும் என்று அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். பக்கத்துத் தோப்புக்காரர்களின் கேலியைத் தாங்கிக்கொண்டு என் பேச்சை நம்பியவர் அவர் ஒருவர்தான். அவருடைய மரங்களில்தான் இப்போது குறி.

"ஆனி முடியட்டும். அதுக்குள்ள நிக்கலேன்னா நானே கோடாலி எடுத்துக் குடுக்குறேன்" என்றேன்.

"சரி, ஆனி வரைக்கும்" என்றார்.

வழக்கமாகக் குழாயின் பஞ்சடைப்பை எடுத்து, மரத்தில் சாய்வாகக் கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன். அன்றைக்கு மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து, கட்டிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளவிகள் குழாயின் வாய்க்கு வந்தன. மீசையைத் துடைத்துக்கொண்டன. திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. வெளியே வந்த ஒன்றிரண்டும் பறக்கவில்லை. மரப்பட்டையில் அசமந்தமாக நடந்தவற்றைக் கட்டெறும்பு இழுத்துக்கொண்டு போயிற்று.

தோப்புக்காரரும் பக்கத்தில் குந்தி அதைப் பார்த்தார். "மாமியா வீட்டுக்குப் போக மாட்டேன்னு அழுகுற பிள்ள மாதிரில்ல உக்காந்திருக்கு" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் என் சந்தேகம் புகையிலை மேல் போயிற்று. திண்டுக்கல்லில் வேறு எதன் மேல் போகும்? எங்கள் தெருவிலேயே புகையிலையை அடுக்கி வைக்கும் கிட்டங்கி இருந்தது. எங்கள் அட்டெண்டரின் கன்னம் எந்நேரமும் ஒரு பக்கம் உப்பியே இருக்கும். புகையிலைச் சாறு பூச்சிக்கு விஷம். அந்தக் கையால் குழாயைத் தொட்டால் குளவி எப்படிச் சுறுசுறுப்பாக இருக்கும் என்று அவரிடம் மல்லுக்கு நின்றேன். என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர். பங்குனி மாதம் முழுக்கப் புகையிலையைத் தொடவில்லை. கொட்டாவி விட்டு விட்டு அவர் கண் சிவந்து போனதுதான் மிச்சம். குளவிகள் முன்பு போலவே உட்கார்ந்திருந்தன.

"அப்ப நான் போட்டுக்கிறலாமா தாயி?" என்று கேட்டார்.

"போட்டுக்கங்கண்ணே. ஆனா கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் உள்ள வரணும்" என்றேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை, அறையைக் கூட்டி முடித்த கையோடு ஜன்னல் திண்டைத் துடைக்கப் போனேன். துணியில் ஒரு குளவிகூட ஒட்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் அந்தத் திண்டில் ஒரு கைப்பிடி செத்த குளவி கிடக்கும். தாய்க்குளவியைப் பழைய குழாயிலிருந்து புழு வைத்த புதுக் குழாய்க்கு மாற்றும்போது, இரண்டின் வாயையும் ஒட்டிப் பிடிப்போம். சில குளவிகள் சாதுவாக நடந்து அடுத்த குழாய்க்குப் போய்விடும். சில, இடுக்கு கிடைத்ததும் விர்ரென்று பறந்து வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்குப் போகும். கண்ணாடியில் முட்டி முட்டிச் சாயங்காலத்துக்குள் செத்துவிடும். திமிர் பிடித்த கழுதை என்று அவற்றைத் திட்டுவோம். சாதுவாக நடந்ததைத் தாயாக்குவோம். நாளாக நாளாக ஜன்னலுக்குப் போவது குறைந்தது. என் கையில் சேதாரமே இல்லை என்று ஆபீசர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எங்கள் கை தேறியதாக நினைத்திருந்தோம். உண்மையில் குளவிதான் அடங்கிப் போயிருந்தது. பறக்கத் தெரிந்ததையெல்லாம் ஜன்னலில் சாகவிட்டு, உட்காரத் தெரிந்ததையே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி, அதை அத்தனை உயரத் தென்னைக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறோம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. துணியை உதறிப் போட்டுவிட்டு ஆபீசர் அறைக்குப் போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். தப்பு சொல்ல முடியாது, அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. பறக்கிறதத் துரத்திட்டு இருந்தா மாசத்துக்கு இத்தனை குழாய்னு எப்படிக் கணக்குக் குடுக்கிறது?"

"பறக்காத குளவிய எத்தனை குழாய் குடுத்தாலும் அது எறும்புக்குத் தீனிதான் சார். எனக்கு ஒரு அலமாரி மட்டும் விடுங்க. ஆனிக்குள்ள வேலை செய்யலேன்னா நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

"எழுதிக் குடுக்கிறதெல்லாம் வேண்டாம்" என்றார். "அலமாரிய எடுத்துக்கோ."

முதலில் காட்டுக் குளவி வேண்டும். சித்திரை வெயிலில் ஆத்தூர்ப் பக்கம் கவனிப்பாரற்றுக் கிடந்த தோப்புகளில் நானும் அட்டெண்டரும் விழுந்த மட்டைகளைப் புரட்டினோம். ஓலையின் அடியில் புழு நூலும் எச்சமும் கலந்து நீளமாகக் குடில் கட்டியிருக்கும். அதைக் கொண்டை ஊசியால் கிழித்துக் கிழித்துப் பார்த்தோம். பெரும்பாலும் வெறும் புழுதான் இருந்தது. என் கழுத்துத் தோல் உரிந்தது. இன்னும் ஒரு மட்டை, இன்னும் ஒரு மட்டை என்று நான் விடவில்லை. அட்டெண்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "ஒன்னைய கட்டிக்கிறவன் பாவம் தாயி" என்று முணுமுணுத்தபடியே புரட்டினார். கடைசியில் சில தாய்கள் கிடைத்தன. அவற்றைக் குழாயில் அடைத்து, ஈரத் துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அவற்றின் பிள்ளைகள் வெளிவந்தபோது நான் முறையை மாற்றினேன். புழுவைக் குழாயில் வைத்து ஊட்டவில்லை. கருகிய ஓலை ஒன்றை அதன் குடிலோடும் புழுவோடும் அறையின் ஒரு மூலையில் தொங்கவிட்டு, குளவிகளை எதிர் மூலையில் திறந்துவிட்டேன். பறந்து போய்க் குடிலைக் கண்டுபிடித்துப் புழுவைக் கொட்டியது எதுவோ, அதுதான் தாய். ஜன்னலுக்குப் போனதையும் சாகவிடாமல் பிடித்து, தேன் தொட்டு வைத்து, மறுபடியும் ஓலைக்கு வழிவிட்டேன். நோஞ்சான் புழுக்களைக் கழித்துவிட்டுக் கொழுத்த புழுவாக வைத்தேன். உட்கார்ந்தே இருந்ததற்கு என் அலமாரியில் இடமில்லை.

குழாய்கள் கொஞ்சமாகத்தான் சேர்ந்தன. ஆபீசர் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற அலமாரிகள் நிறைந்திருக்க, என்னுடையது பாதி காலியாகவே கிடக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் விறைப்பாக நடந்துகொண்டேன்.

வைகாசிக் கடைசியில் அந்தக் குழாய்களைச் சித்தையன்கோட்டைக்குக் கொண்டுபோனேன். தோப்புக்காரரும் கூட வந்து நின்றார். பஞ்சை எடுத்தேன். குளவி குழாயின் வாய்க்கு வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"எங்க போச்சு?"

"போயிருச்சு" என்றேன்.

பிறகும் இரண்டு முறை போய்க் குளவி விட்டுவிட்டு வந்தேன். ஆனி முடிகிற சமயம் மறுபடியும் போனேன். சுண்ணாம்புக் குறிகள் அப்படியே இருந்தன. கருகிய ஓலை கருகியதுதான், அது இனிப் பச்சையாகாது. ஆனால் குருத்தை ஒட்டி விரிந்திருந்த புது மட்டைகளில் கருகல் இல்லை. என் கண்ணை நான் நம்பவில்லை. மரம் ஏறுகிறவரை விட்டு நடுமட்டை ஒன்றை வெட்டிப் போடச் சொன்னேன்.

கீற்றைத் திருப்பிக் குடிலைக் கொண்டை ஊசியால் கிழித்தேன். உள்ளே வற்றிச் சுருங்கிய புழுவின் தோல். அதன் பக்கத்தில் நெருக்கமாகக் கட்டிய சின்னக் கூடுகள். கூடுகளின் மேல் தாய் நின்றுகொண்டிருந்தது. ஊசி முனையைக் கிட்டக் கொண்டு போனதும் அது ஓடவில்லை, திரும்பி ஊசியைப் பார்த்து நின்றது.

தோப்புக்காரர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, மூச்சுப் படும் தூரத்தில் வெகுநேரம் பார்த்தார்.

நான் பையிலிருந்து குழாயை எடுத்தேன். தோப்பிலேயே பிறந்து, தோப்பிலேயே புழு தேடி ஜெயித்த தாய். என் அலமாரிக்கு இதைவிட நல்ல வித்து எங்கே கிடைக்கும்? அதற்குள் அவர் மட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அத எடுக்காதீங்க டீச்சரம்மா. எங்க தோப்புப் பூச்சி அது. இங்கனயே இருக்கட்டும்."

அதற்கு முன்னால் ஒரு தடவைகூட அவர் அதை எங்க பூச்சி என்று சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவள், அன்று எடுத்த குழாயைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் கீற்றை அறுத்தெடுத்து மரம் ஏறுகிறவரிடம் கொடுத்தார். "ஏலே, பாத்து ஏறு. பச்ச மட்டையா பாத்துக் கட்டிட்டு வா."

மரம் ஏறுகிறவர் குறி போட்ட மரத்திலேயே ஏறினார். கால் உரசிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. நான் வெறும் குழாயோடு பஸ் ஏறினேன்.