தெற்குப் பக்கத்து விமானங்கள்

என் கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய பார்சலில் ஒரு பழைய லெப்டொப், சவர்க்காரக் கட்டிகள், பால்மா, அப்புறம் தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு கறுப்புக் கருவி இருந்தன. கருவியோடு காந்தம் வைத்த ஒரு குட்டி அன்டனாவும் இருந்தது. அது டிவி பார்ப்பதற்காம். லெப்டொப்பில் செருகினால் டிஷ் இல்லாமலே நாடகம் பார்க்கலாம் என்று அங்கே கடைக்காரன் சொல்லியிருக்கிறான். அவருடைய அம்மா, என் அத்தை, அன்று பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர் கால்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

செருகினேன். சனல் தேடியது. வெகுநேரம் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்றது. இங்கே காற்றில் வருகிற டிவி அலை ஒரு வகை, அந்தக் கருவி பிடிக்கிற வகை வேறு. அத்தைக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எவனோ எம்மகன நல்லா ஏமாத்திப்புட்டான்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

கருவியை அலுமாரியில் துணிகளுக்கடியில் வைத்தேன். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றாக, காம்பரா என்கிற ஒரே அறையும் முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணையும்தான் எங்கள் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் நான் பண்டாரவளையில் ஒரு கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் வேலை பார்த்தேன். கல்யாணமாகிச் சில மாதங்களில் அவர் கட்டாருக்குப் போய்விட்டார். புருஷன் இல்லாத நேரத்தில் புதுப்பெண் தினமும் பஸ்ஸேறி டவுனுக்குப் போனால் லயம் பேசும் என்றார் அத்தை. "அவன் வந்துரட்டும், அப்பறம் போ." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அத்தை விடிவதற்கு முன்பே, தோட்டத்தில் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு நான் கூட்டுவேன், தண்ணீர் பிடிப்பேன், சமைப்பேன், இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பேன். முன்னால் மலை சரிந்து இறங்கித் தெற்கே சமவெளியாகி, வெயில் தெளிந்த நாளில் கடல்வரைக்கும் தெரியும். பின்னால் நிமிர்ந்த மலை. முன்னால் அவ்வளவு தூரம் திறந்து கிடந்தும், எனக்கு வாசல் குழாயைத் தாண்டி ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் அந்தக் கருவியின் மூடியைக் கத்தியால் நெம்பினேன். உள்ளேயிருந்த சிப்பின் இலக்கத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். அதே கருவியை உலகம் முழுக்க ஆட்கள் வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. சாதாரண ரேடியோவில் எந்த அலையைக் கேட்பது என்பதை உள்ளேயிருக்கிற பாகங்களே முடிவு செய்யும். இதில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யும். எஃப்எம், விமானிகள் பேசுவது, விமானங்கள் தாம் இருக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டே போவது, வானத்தில் சுற்றுகிற வானிலைச் செய்மதி அனுப்புகிற படம் எல்லாவற்றுக்கும் இதே கருவிதான். மென்பொருளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். படிக்கப் படிக்க, இது சும்மா துணிக்குள் கிடக்கிறதே என்று மூடியைப் பூட்டி மறுபடி லெப்டொப்பில் செருகினேன்.

முதலில் அதன் டிரைவரை மாற்ற வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள். செருகியிருக்கிற எல்லாச் சாதனங்களையும் அது காட்டும், சரியானதைத் தேர்ந்து மாற்ற வேண்டும். நான் அவசரத்தில் வேறொன்றை அழுத்திவிட்டேன். மவுஸ் செத்துவிட்டது. லெப்டொப்பின் தொடுபலகை வரும்போதே பழுது. அம்பு திரையின் நடுவில் அசையாமல் நின்றது. அத்தை வந்து கேட்டால் என்ன சொல்வது? மகன் அனுப்பியதைப் பிரித்துப் போட்டுக் கெடுத்துவிட்டாள் என்றாகிவிடும்.

பழைய கடை முதலாளிக்குப் போன் எடுத்தேன். பண்டாரவளைப் பள்ளிவாசல் தெருவில் அந்தக் கடையை இருபது வருஷமாக நடத்துகிறவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"மவுஸ் இல்லாட்டி என்ன, கீபோர்ட் இரிக்கிதானே தங்கச்சி? டெப் பட்டனத் தட்டித் தட்டிப் போங்க. மாத்தின டிரைவர அழிங்க. நீங்க எத்தினை பேருக்குச் செஞ்சு குடுத்த வேலை!"

அழித்தேன். அம்பு அசைந்தது. போனை வைக்குமுன் அவர், "கடைக்கு ஆள் இன்னும் சரியா அமையல்ல" என்றார். அத்தை வருகிற நேரம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரண்டாவது தடவை சரியானதை மாற்றினேன். திரையின் மேல் பாதியில் அலைகள் கோடாகத் துடித்தன, கீழ்ப் பாதியில் நீலமும் மஞ்சளுமாக நிறங்கள் வழிந்து இறங்கின. எங்கே மஞ்சள் தடித்து வழிகிறதோ அங்கே ஒரு நிலையம். அதன்மேல் அழுத்தினேன். ஒரு சிங்களப் பாட்டு வந்தது. பக்கத்துக் காம்பராவில் ஒரு பழைய ரேடியோவிலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, இதைவிடத் தெளிவாக. ஆனாலும் நான் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

விமானம் மட்டும் கிடைக்கவில்லை. தகரக் கூரை அந்த அலையைத் தடுத்தது. அன்டனாவை வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு பிஸ்கட் டின் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் காந்தத்தை ஒட்டவைத்தேன். அன்டனாக் கம்பியைச் சுண்டுவிரல் நீளத்துக்கு வரும்வரை உள்ளே தள்ளினேன், விமானத்தின் அலைக்கு அவ்வளவு சின்னதாக இருப்பதுதான் நல்லது. வரைபடத்தில் ஒரு சிறிய விமானம் தோன்றியது. அப்புறம் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கடலுக்கு மேலே, கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தன. வேறொரு அலையில் விமானிகளின் பேச்சும் கேட்டது. எண்களைச் சொல்வார்கள், கடைசியில் 'குட் டே' என்று விடைபெறுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் சமையலை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. என் விமானங்கள் எல்லாம் தெற்கில்தான். வரைபடத்தின் மேல் பாதி வெறுமையாகவே இருந்தது. இந்த அலைகள் நேர்கோட்டில்தான் வரும், பின்னால் நிற்கிற மலையைத் தாண்டாது. கட்டாரிலிருந்து கொழும்புக்கு வருகிற விமானங்கள் வடமேற்கில் வந்து இறங்குகிறவை. அவர் என்றைக்கு வந்தாலும் அந்த விமானம் என் திரையில் வராது.

லயம் பேசத் தொடங்கியது. வாசலில் வயர் இழுத்துவைத்து, காதில் மாட்டிக்கொண்டு யாருடனோ பேசுகிறாள் என்று. அத்தை ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டார்.

"யாருகூட புள்ள பேசுற?"

"யாருகூடயும் இல்ல அத்த. இதுல கேக்க மட்டுந்தான் முடியும். நம்ம பேசுனா ஒருத்தருக்கும் கேக்காது."

"கேட்டு என்னா செய்யப்போற?"

காதில் இருந்ததைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். "இங்கிலீசு" என்றார். கூடையை இறக்கினார். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அத்தைக்கு ஓய்வு பெறுகிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வீக்கமும் வற்றவில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் வீடு எங்களிடம் நிற்கும். தோட்டத்தில் வேலை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை இரண்டு தடவை அதை நினைவுபடுத்திவிட்டுப் போயிருந்தார். என் கணவர் வந்ததும் இதற்கொரு வழி செய்வார் என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம்.

அவர் போனில் சொன்னார், "இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் பண்ணிட்டேன்."

"என்கிட்ட கேக்கவே இல்லியே."

"கேட்டு என்னா? வேற வழி இருக்கா? நீ பேர் பதிஞ்சிரு. நான் வார வரைக்கும்தானே."

இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு விமானம் கடல்மேல் மெதுவாக நகர்ந்து எல்லைக்கு வெளியே போனது. கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்துக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவில் கூரை வரைக்கும் எட்டாத சுவர். கத்தவில்லை.

பேர் பதிந்தேன். அத்தையின் கூடைக் கயிறு என் தலைக்கு வந்தது. முதல் வாரத்தில் விரல் நுனிகள் கறுத்து வெடித்தன. மழையில் அட்டை காலில் ஏறியது. சரிவில் நின்று கொழுந்து எடுக்கும்போது தெற்கே சமவெளி அப்படியே விரிந்து கிடக்கும், நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன். அத்தை இப்போது வீட்டில், நான் இருந்த இடத்தில், கூட்டி, சமைத்து, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை நான் வருமுன் போட்டு மூடி வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிச்சமிருந்தன. ஒரு ஞாயிறு காலையில், உடைந்த குடையொன்றின் இரண்டு கம்பிகளைப் பிடுங்கி, வயர் இணைப்பானில் 'வி' வடிவத்தில் முடுக்கி, விளக்குமாற்றுக் கட்டையின் நுனியில் கட்டினேன். செய்மதிக்கு அந்த அன்டனா போதும் என்று படித்திருந்தேன். செய்மதி வருகிற நேரத்தில் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் லெப்டொப்பைப் பார்க்க வேண்டும்.

"இங்க குடு" என்றார் அத்தை.

வாசல் படியில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொண்டார். முதலில் இரைச்சல். அப்புறம் தெற்குக் கடலுக்கு மேலிருந்து அது ஏறிவந்தது. டிக் டொக், டிக் டொக் என்று ஒரே தாளத்தில் ஒலி.

"தையல் மிசின் மாதிரி ஓடுது" என்றார். "கையி வலிக்குது புள்ள. இன்னும் எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான் அத்த. ஆட்டாதீங்க."

ஒலி வரி வரியாகப் படமாகியது. கீழே கடலின் கறுப்பு, மேகத்தின் வெள்ளைச் சுருள். அப்புறம் தீவின் தெற்குக் கரை. நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அத்தை குனிந்து பார்த்தார்.

"இது நம்ம நாடா?"

"ஆமா."

"நம்ம தோட்டம் எங்க?"

மேகத்தின் ஓரத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவரும் விரலை அங்கே வைத்தார். அந்த நேரத்தில் செய்மதி மலைக்குப் பின்னால் போனது. தோட்டம் இருந்த இடத்துக்குச் சற்று மேலே படம் வெறும் புள்ளிகளாக முடிந்துவிட்டது. நாட்டின் வடக்குப் பாதி இல்லை.

"மிச்சம்?"

"மலை மறைக்குது அத்த. இங்கருந்து வராது."

அத்தை கட்டையைச் சுவரில் சாத்தினார். "கோயில் மேட்டுக்குப் போ. அங்க ஏறுனா நாலு பக்கமும் தெறப்பாத்தானே இருக்கும்?"

"தனியாவா?"

"பின்ன, இந்தக் காலோட நானா வர முடியும்?"

அடுத்த ஞாயிறு போனேன். வழியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், விளக்குமாற்றுக் கட்டையும் லெப்டொப் பையுமாக எங்கே கிளம்பிவிட்டாள் என்று கேட்டார்கள். பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "நான்தான் போகச் சொன்னேன். மேகத்தப் படம் புடிக்கப் போறா." ஏதோ கோயிலுக்குப் பூ கொண்டுபோகச் சொன்னதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

மேட்டில் காற்று பிய்த்தது. படம் முழுசாக வந்தது. தெற்குக் கடலிலிருந்து தொடங்கி, தீவு முழுக்க, அதற்கும் மேலே இந்தியக் கரை வரைக்கும். அது முடிந்ததும் விமானங்களைப் பார்த்தேன். வரைபடம் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது. வடமேற்கிலிருந்து ஒன்று தாழ்ந்து தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் இலக்கத்தைத் தேடினேன், கட்டாரிலிருந்து வருவது. உயரம் குறைந்துகொண்டே போய், தரைக்குப் பக்கத்தில் திரையிலிருந்து மறைந்தது. அவர் அதில் இல்லை என்று தெரியும். ஆனாலும் மறைகிறவரைக்கும் பார்த்தேன்.

அங்கேயே நின்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"எங்கருந்து பேசுற? காத்துச் சத்தமா இருக்கு."

"கோயில் மேட்டுலருந்து. ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசத்துக்கு மேல நான் கொழுந்து எடுக்கமாட்டேன். வீடு வேணும்னா நீங்க வந்து பேர் பதிஞ்சுக்கங்க. தோட்டத்துல வேலை இல்லாத நாள்ல நான் கடைக்குப் போகப்போறேன்."

"அம்மா என்னா சொல்லுச்சு?"

"அவங்ககிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

அவர் போனை வைத்துவிட்டார். ரொம்ப நாள் எனக்குப் போன் எடுக்கவேயில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினார். ஒருநாள் அத்தை அடுப்பு ஊதிக்கொண்டே போனில் சொன்னது எனக்குக் கேட்டது: "அவளும் எவ்வளவு நாளைக்குடா ஒனக்காகக் காத்துக் குந்தியிருப்பா? நீ மொதல்ல வந்து சேரு."

அவர் இன்னும் வரவில்லை. என் பேர் தோட்டத்தில் இருக்கிறது, இருக்கிறவரைக்கும்தான் வீடு. வேலை கொடுக்காத நாட்களில் காலைப் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போகிறேன். முதலாளி என் பழைய மேசையைக் காலி செய்து கொடுத்தார், ஆனால் அந்த நாட்கள் குறைவு, கொழுந்து நிறைய இருக்கிற மாதத்தில் அதுவும் இல்லை. அந்தப் படங்கள் அனுப்பிய பழைய செய்மதிகளையும் இப்போது நிறுத்திவிட்டார்கள். ரஷ்யச் செய்மதி ஒன்று படம் அனுப்புகிறது, ஆனால் அதற்கு வேறு மென்பொருள் வேண்டும், எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. போன ஞாயிறு மூன்று வரி வந்து நின்றுபோனது. அத்தை எட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணும் தெரியலியே" என்றார். இல்லைதான் என்றேன். ரெண்டு பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் துணி துவைக்கப் போனோம்.