இருவரை ஒருத்தியாக்கிய நிரல்

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்கா. எந்த மென்பொருள் மக்கர் பண்ணினாலும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்து நிற்பார்கள். "ஒரு தடவை ஒழுங்கா எழுதிட்டா, பத்து இடத்துல போட்டுக்கலாம்" என்று வாய் ஓயாமல் சொல்வாள்.

அப்படி அவள் எழுதியதில் ஒன்று, ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்கும் நிரல். ஒரு செருப்புக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலுக்காக எழுதியது. அப்பா பெயர், பிறந்த நாள், முகவரி மூன்றும் ஒத்துப்போய், பெயரில் ஓரெழுத்து மட்டும் வேறாக இருந்தால் எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொள்ளும். தப்பானாலும் யாருக்கோ ஒரு தள்ளுபடி போகும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு மருத்துவமனை வேலை வந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியல். அவகாசம் குறைவு.

"அக்கா, உங்க பழையதையே போட்டுக்கட்டுமா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்.

"தாராளமா. அஞ்சு வருஷமா ஒரு புகார் இல்ல" என்றாள். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பட்டியலில் இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே நோய். பெயரில் ஓரெழுத்துதான் வேறு. நிரல் அவர்களை ஒருத்தியாக்கிவிட்டது. மூத்தவளுக்குச் சிறுநீரகம் கிடைத்த அன்றே இளையவளின் இடமும் பட்டியலிலிருந்து போய்விட்டது. அது தெரியாமல் அவள் பதினொரு மாதம் காத்திருந்தாள். கேட்டபோதெல்லாம் "முறை வந்தா கூப்பிடுவாங்க" என்றே பதில். அவள் இறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"சரிபார்த்து வாங்கிக்கிட்டது ஆஸ்பத்திரிக்காரங்க. நம்ம மேல தப்பில்ல" என்றார் மேலாளர். அது அக்காவின் காதில் ஏறவே இல்லை. அவர் தடுத்தும் கேளாமல் அந்தச் சகோதரிகளின் வீட்டுக்குப் போனாள்.

மூத்தவள்தான் கதவைத் திறந்தாள். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் விரிப்பு இல்லை. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அக்கா சொன்னாள்.

"எங்களப் பார்த்துக் குழம்பாத ஆளே இல்ல," என்றாள் மூத்தவள். "ஆனா, யாராவது வாயத் தொறந்து கேட்டுடுவாங்க, நீங்க ரெண்டு பேரான்னு."

"கேட்டிருக்கணும்மா. நான் கேக்காம விட்டுட்டேன்."

"எனக்குக் கெடச்சதாலதான அவ பேரு போச்சு?"

"இல்லம்மா, என்னாலதான். உன்னால இல்ல."

மூத்தவள் அவளைப் போகச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து, அந்த நிரல் ஓடிய ஒன்பது இடங்களையும் அக்கா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னாள். மனிதர் ஒருவர் விசாரிக்காமல் எந்த இரண்டு பெயரையும் சேர்க்காதபடி மாற்றி எழுதினாள். மருத்துவமனைப் பட்டியலைத் திரும்பத் துருவியபோது இப்படி ஒருவராக்கப்பட்ட இரட்டைச் சகோதரர்கள் இன்னும் இருவர் அகப்பட்டார்கள். விடுபட்டுப்போன தம்பி உயிரோடிருந்தான். அவனை மீண்டும் சேர்த்தார்கள்.

"ஒரு உயிரக் காப்பாத்திட்டீங்கக்கா" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

அவள் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்தியபடி அழுதாள்.