குடும்பத்தில் ஒரு போலி

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டேன். சத்தியமாகத் தெரியாமல்தான்.

விஷயம் இதுதான். எனக்குக் குடலில் பாலிப் வளரும். சின்னச் சின்னச் சதை முளைகள். சும்மா விட்டால் புற்றாகிவிடலாம். பரம்பரையாக வருவது – அப்பா போனதும் அதில்தான். மனுஷன் விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் இது ஒன்றுதான் தேறுகிறது. முளைகள் பெருகாமலிருக்க டாக்டர் எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். வருஷா வருஷம் கேமரா விட்டும் பார்க்கிறார்.

இந்த முறை, "அப்பா கூடப் பொறந்தவங்க யாராச்சும் டெஸ்ட் எடுத்தாங்களா?" என்று கேட்டார். இருப்பது கிள்ளானில் சித்தப்பா மட்டும். ஊசி என்றாலே ஊரைவிட்டு ஓடுகிறவர்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பஸ்ஸுக்கு நின்றபடி, போனிடம் வாயாலேயே மெசேஜ் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் மலாயில் 'போலிப்' என்றே சொல்லிச் சொல்லி, எனக்கும் அதுவே நாக்கில் ஒட்டிவிட்டது. தமிழில் டைப் செய்கிற போனுக்கு மலாய் தெரியுமா, பாவம்? குரூப்பில் போய் விழுந்தது இது:

"நம்ம குடும்பத்துல போலி இருக்கு. டாக்டர் சொல்லிட்டார். சித்தப்பா உடனே டெஸ்ட் எடுக்கணும்."

எங்கள் வீட்டில் எல்லோரும் குட்டை. சித்தப்பா மட்டும் ஆறடி. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சின்ன வயதில் ஆரம்பித்த கிண்டல், அவருக்குப் பேரன் பிறந்த பிறகும் ஓயவில்லை...

மறுநாள் காலை வாசலில் சித்தப்பா. கையில் பிறப்புப் பத்திரம்.

"யாரும்மா போலி? உங்கப்பனும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. நான் யாருன்னு டாக்டர் சொல்லித்தான் தெரியணுமா?"

குரல் உடைந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உட்காரவைத்து விளக்கினேன்.

"அட, குடல்ல இருக்கறதா? அப்ப உன் மாத்திரையில ரெண்டு குடு லா. போட்டுட்டுப் போறேன்."

"அது என்ன புளிப்பு மிட்டாயா சித்தப்பா? டாக்டர் பார்த்துத்தான் குடுக்கணும். முதல்ல கேமரா விட்டுப் பார்ப்பாங்க."

"எங்க விடுவாங்க?"

சொன்னேன். எழுந்து செருப்பைத் தேடினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவும் இப்படித்தான், "அடுத்த மாசம் பார்ப்போம்" என்றே காலத்தை ஓட்டினார். இவரையும் அப்படித் தூக்கிக் கொடுக்க என்னால் முடியாது.

"போங்க சித்தப்பா," என்றேன். "இது எங்க பரம்பரையில வர்ற வியாதி. உங்களுக்கு எங்க இருக்கப் போவுது?"

செருப்பு மாட்டிய கால் அப்படியே நின்றது.

"எனக்கு இல்லாம வேற எவனுக்கு இருக்கும்? எந்த ஆஸ்பத்திரி? வண்டிய எடு."

இருந்தது. நாலைந்து. கையோடு எடுத்துவிட்டார்கள். லேப் ரிப்போர்ட்டில் புற்று இல்லை என்று வந்ததும் கிளினிக்கிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது அவருக்கும் மாத்திரை உண்டு, வருஷா வருஷம் கேமராவும் உண்டு. சித்தப்பா அழவில்லை. குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "எனக்கும் இருக்கு. இனிமே எவனாச்சும் தவிடுன்னு சொல்லிப் பாருங்க."

நேற்று தனியாக போன் செய்தார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"சாப்பாட்டுல தினமும் கொஞ்சம் தவிடு சேத்துக்கச் சொல்றாரும்மா டாக்டரு... இத மட்டும் குரூப்புல போட்டுடாத."