பில்ரே அக்கா ஒட்டிய ஜன்னல்

பில்ரே அக்கா சந்தையில் மீன் விற்றவள். விலை பேசிச் சண்டைக்கு வரும் ஆம்பிளைகளை ஒரே அதட்டலில் ஓட வைப்பாள். அப்படிப்பட்டவளுக்குக் குளிர் என்றால் மட்டும் கை கால் உதறும். சியோலுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் அவளுடைய மூத்த பையன் தூக்கத்திலேயே இறந்துபோனான்.

"செத்த பிறகும் கன்னம் செக்கச்செவேல்னு இருந்துச்சுடி. குளிர்க்காய்ச்சல். ஜன்னலுக்கு ஒத்தைக் காகிதம்தான் ஒட்டியிருந்தேன், பத்தலை," என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

அதனால் ஒவ்வொரு வருஷமும் பனி விழும் முன்னே பசைச்சட்டியும் கையுமாகக் கிளம்பிவிடுவாள். ஜன்னல் இடுக்கு, சுவர் இடுக்கு ஒன்றையும் விடமாட்டாள். முற்றத்துக்கு எதிர் அறையில் குடியிருந்த நான், "எறும்புக்காவது வழி விடுக்கா," என்று கேலி செய்வேன்.

அந்த வருஷம் அவள் மகள் இன்சுக் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. கரித்துண்டும் பைன் கொத்தும் செருகிய வைக்கோல் கயிறு அறை வாசலில் ஏறியது. மூன்று வாரம் வெளியாள் அதைத் தாண்டக்கூடாது. பெற்றவள் உடம்பில் காற்றுப் பட்டால் எலும்புக்குள் புகுந்து ஆயுசுக்கும் விடாது. இதை நானும் நம்புகிறவள்தான். ஆனால் அக்கா ஜன்னலுக்கு மூன்றாவது அடுக்குக் காகிதம் ஒட்டியபோது, வெளியே நின்ற எனக்கே மூச்சு முட்டியது. அறையைச் சூடாக்கத் தரைக்கு அடியில் வைத்த கரிக்கட்டி அடுப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது.

சீக்கிரமே இன்சுக்குக்குத் தலைவலி வந்தது. குடித்த கடற்பாசி சூப்பெல்லாம் வாந்தி.

"அம்மா, மண்டை வெடிக்குதும்மா. கொஞ்சம் கதவைத் தெறயேன்."

"தெறக்கிறதா? எங்கேயோ காத்து பூந்துதானே இந்தக் கதி! இழுத்துப் போத்திக்கிட்டுப் படு."

"அக்கா, ஒருவேளை கரிப்புகையா இருக்குமோ?" என்றேன்.

"வாயைக் கழுவுடி! தரையெல்லாம் புதுசாப் பூசியிருக்கு, புகை எப்படி ஏறும்? புள்ளையைக் குளிருக்குக் குடுத்தவ நான். உனக்கு என்ன தெரியும்?"

அதற்கு மேல் அவளிடம் பேச முடியுமா? அடுப்பில் புதுக் கரிக்கட்டி வைத்துவிட்டு, கதவின் அடி இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள்.

மறுநாள் காலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் அழுகையைக் காணோம். எதிரே அக்கா சூப் கிண்ணத்தோடு நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்சுக்... ஏய், இன்சுக்!"

ஓடிப்போய்க் கயிற்றை அறுத்துவிட்டுக் கதவை உதைத்துத் திறந்தேன். புகை நெடி முகத்தில் அடித்தது. அக்கா என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"சாத்துடி பாவி! குளிர் உள்ள போகுது!"

அவளைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்து ஜன்னல் காகிதத்தை நகத்தால் கிழித்தேன். இன்சுக் கண் செருகிக் கிடந்தாள். குழந்தை அசையவில்லை.

"கரிப்புகைக்கா! புள்ளையைத் தூக்கு! வெளிய பனிக்குக் கொண்டு போ!"

"பனிக்கா?" என்று கேட்டுவிட்டு நின்றாள். பச்சைக் குழந்தையைப் பனியில் காட்டுவது அவளுக்குக் கொலை. நான் இன்சுக்கின் கக்கத்தில் கை கொடுத்து முற்றத்துக்கு இழுத்தேன். திரும்பிப் பார்த்தால், அக்கா குழந்தையை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே ஓடி வருகிறாள். நடுமுற்றத்தில் நின்று போர்வையை விலக்கி, அதன் முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள். பனி அந்தச் சின்ன முகத்தில் விழுந்தது.

முற்றத்து ஊறுகாய் ஜாடியின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்து, கரிப்புகைக்கு மருந்து என்று சொல்லும் முள்ளங்கி ஊறிய புளித்த தண்ணீரை மொண்டு வந்து இன்சுக்கின் உதட்டில் தடவினேன். இருமினாள். "அம்மா," என்றாள். குழந்தையிடம் மட்டும் சத்தமே இல்லை. போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது அது ஒரு தும்மல் போட்டு, வீறிட்டு அழுதது.

நானும் ஓவென்று அழுதுவிட்டேன். "பொழைச்சுட்டாங்கக்கா! ரெண்டு பேரும் பொழைச்சுட்டாங்க!"

அவள் காதில் அது விழவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரிப்புகை ஏறிய இன்சுக்கின் கன்னங்கள் செக்கச்செவேல் என்றிருந்தன.

"மூத்தவனுக்கும் இதே செவப்புதான்டி," என்றாள் மெதுவாக. பிறகு பசை காய்ந்து ஒட்டியிருந்த தன் விரல்களைப் பார்த்தாள். "அந்த ஜன்னலையும் நான்தானே ஒட்டினேன்."