எண் போடாத இரண்டு பக்கம்

எங்கள் வாசகர் வட்டத்தின் விதி பதினொன்று: ஒரு சொற்பொழிவுக்கு மறுப்புச் சொல்ல விரும்பும் உறுப்பினர் ஏழு நாட்களுக்கு முன் எழுதிக் கொடுத்தால், அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட வேண்டும். ‘தரலாம்’ அல்ல, ‘தரப்பட வேண்டும்’. அந்தச் சொல்லுக்காகப் பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் வாதாடியவன் நான். செயலாளரும் நான்தான்.

காசாச் செய்திகள் தினமும் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ‘யூத மதமும் வாளும்’ என்று ஒரு சொற்பொழிவு அறிவித்தேன். பேசப்போவதும் நானே. சுருக்கத்தை இரண்டு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அமலேக்கியர் என்ற பழைய எதிரி இனத்தைப் பூண்டோடு அழிக்கும்படி அவர்கள் வேதத்தில் ஒரு கட்டளை உண்டு. இன்று நடப்பதற்கெல்லாம் வேர் அதுதான். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு பாய் வந்தார். பண்ருட்டிக்காரர். சுரங்கத்தில் என்னோடு இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அண்ணன் தம்பிகளின் பலாப்பழ மண்டியைக் கவனித்துக்கொள்கிறார். கையில் மடித்த இரண்டு பக்கம்.

“பத்து நிமிசம் பேசணும் சார். நீங்க எழுதினது சரியில்லீங்க.”

“எது சரியில்ல?”

“அந்தக் கட்டளைய அவங்க ரபிங்களே, அதான் அவங்க மதகுருங்களே, கட்டிப் போட்டு வெச்சிருந்தாங்க சார். அசீரிய ராஜா எல்லா ஊரு ஜனத்தையும் இடம் மாத்திக் கலந்துட்டான், இனிமே யாரு அமலேக்கியன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு. நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்குல எவன் எந்த ஜில்லான்னு தெரியாத மாதிரி.” சிரித்தார். “இப்ப அத அவுத்து உடறது யாருன்னுதான் பேசணும்.”

அவர் போனதும் படித்தேன். கட்டம் போட்ட தாளில் சீரான கையெழுத்து. ரோமை எதிர்த்துக் கிளம்பி, கோவிலையும் நகரத்தையும் இழந்த பிறகு, கடவுளின் காரியத்தை ஆயுதத்தால் அவசரப்படுத்தாதே என்று அந்த ரபிக்கள் பல நூற்றாண்டு போதித்திருக்கிறார்கள். இன்று அரசும் படையும் கைக்கு வந்தபின், சில அரசியல்வாதிகள் தூங்கிய வசனத்தைத் தட்டி எழுப்புகிறார்கள். அதே வேதத்தை ஓதும் வேறு சிலர் கூடாது என்று தெருவில் நிற்கிறார்கள். கடைசி வரி: “வசனத்தை மட்டும் குற்றவாளி ஆக்கினால் அதிகாரத்தில் இருப்பவன் தப்பிவிடுவான். நாளை என் வேதத்துக்கும் இதே தீர்ப்பை எழுதுவீர்கள்.”

என் சொற்பொழிவு அந்த இரண்டு பக்கத்தில் முடிந்துபோயிருந்தது. இந்த விஷயத்தில் ஒரு முஸ்லிம் எழுந்து பேசினால் கூட்டத்தில் கலாட்டா ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குப் பொறுப்பான காரணமாக இருந்தது. உண்மையில் நான் தோற்க விரும்பவில்லை. உள்வரவு முத்திரை மேஜையில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. எண் போடாத தாள் எந்த அலுவலகத்திலும் தாள் இல்லை. முப்பத்தைந்து வருடச் சர்வீஸில் நான் கசடறக் கற்றது அது.

கூட்டத்தன்று நான் பேசி முடித்ததும் பாய் கையைத் தூக்கினார்.

“எழுத்துல எதுவும் வரலியே” என்றேன்.

“வரலீங்களா சார்?”

“பதிவேட்டுல இல்ல.”

மேஜை மேலிருந்த என் கோப்பைப் பார்த்தார். தாள் அதற்குள்தான் இருந்தது. “பதிவேட்டுல இல்லன்னா இல்லதானுங்களே” என்று உட்கார்ந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பாய்க்கு எதுக்கு அமலேக்கியன்? பிரியாணியப் பத்திப் பேசச் சொல்லு சார், ஒரு மணி நேரம் கேக்கறோம்!”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாய் அதன்பின் வாசகர் வட்டத்துக்கு வரவில்லை. ஒரு முறை பண்ருட்டி பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டார். “நல்லா இருக்கீங்களா சார், வூட்டுல சௌக்கியமா?” என்று பழைய மரியாதையோடு கேட்டுவிட்டு நடந்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை அந்த இரண்டு பக்கத்தில் முத்திரை குத்தினேன். வந்த தேதி, எண் போட்ட தேதி, தாமதத்துக்குக் காரணம். காரணம் என்ற கட்டத்தில் ‘செயலாளர் வேண்டுமென்றே செய்த தவறு’ என்று எழுதினேன். அதன் நகலையும் மன்னிப்புக் கடிதத்தையும், அடுத்த கூட்டத்தில் அவர் பேச வேண்டும் என்ற அழைப்பையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை நான்காம் நாள் அவர் கையெழுத்தோடு திரும்பியது. பதில் வரவில்லை. கூட்டத்தை இரண்டு முறை தள்ளி வைத்தேன். நினைவூட்டல் அனுப்ப விதியில் இடம் உண்டு. எனக்கு முகம் இல்லை.

கடைசியில் ஒரு தபால் வந்தது. அதே கட்டம் போட்ட தாள், நாலு வரி.

“நான் வரலீங்க சார். அந்த ரெண்டு பக்கத்தையும் நீங்களே படிங்க. நடுவுல நிறுத்தாம, முழுசா. பிரியாணின்னு யாராவது கொரல் குடுத்தா, இந்தத் தடவ சிரிக்காதீங்க.”

நான் சிரித்ததை அவர் பார்த்திருக்கிறார். கடிதத்தை மேஜைமேல் வைத்து, அது வந்த அன்றே எண் போட்டேன். வந்த தேதி, எண் போட்ட தேதி இரண்டும் மார்ச் நான்கு.