ஒரே தேதியில் இரண்டு கொடிகள்

ஜனவரி 26, காலை. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் சிவகிரி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். சட்டையில் மூவர்ணக் கொடி குத்திய டீக்கடை அண்ணாச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் நீட்டுகிறார்.

"பாத்தீரா வே, நம்ம குடியரசு தினத்துக்கு ஆஸ்திரேலியாக்காரனும் லீவு விடுதான்! எம் மவன் சிட்னில இருக்காம்லா, வருசா வருசம் இந்த நாளு அங்கனயும் லீவுதான்."

பேசாமல் மிட்டாயை வாங்கிக்கொண்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணாச்சி, அது நமக்கு விட்ட லீவு இல்லை. வெள்ளைக்காரன் கப்பலில் போய் இறங்கி, அங்கே தன் கொடியை நட்ட நாள். அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு இன்று துக்கம்."

"சும்மா இரும் வே. நம்ம ஊரு வெள்ளைக்காரனுக்கு வரி கட்டாத மண்ணு. எம் மவன் அதைப் போயி கொண்டாடுவானா?"

அங்கேயே வீடியோவில் மகனை அழைக்கிறார். எடுப்பது பேத்தி. கன்னம் முழுக்க ஆஸ்திரேலியக் கொடி வரைந்திருக்கிறாள். அதன் மூலையில், பளிச்சென்று, பிரிட்டிஷ் கொடி.

அண்ணாச்சியின் கையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலம் நழுவுகிறது.

"ஏட்டி மக்கா, மொதல்ல அதை அழிச்சிரு."

"அழிஞ்சிரும்னு பயப்படாதீங்க தாத்தா," என்று சிரிக்கிறாள் அவள். "தண்ணி பட்டாலும் அழியாது."