பிரேக் வாத்தியார்

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் பிரேக்கைத் தொடவே இல்லை. தொட்டது, பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கால். ஓட்டுநர் பயிற்சி வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்காக. இவர் அதை அந்தக் காரணத்துக்காக மிதித்து யாரும் பார்த்ததில்லை. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. இவரோ இறங்கிப் போய், மருந்துக்கடை ஓரமாக இருக்கும் மின்பெட்டிக்குக் கீழே குனிந்து, "ஐயா, காலைக் கொஞ்சம் காட்டுங்க. கோவிச்சுக்காதீங்க. தோ, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். பிறகு தலையை நிமிர்த்தி, காருக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பல் டாக்டரைப் பார்த்து, "என்னய்யா வேடிக்கை? பின்கதவைத் திற!" என்று ஒரு சத்தம்.

நாலுகால்காரர்கள் அத்தனை பேருக்கும் 'வாங்க, போங்க'. இரண்டு காலில் நடக்கிறவர்களுக்கு 'வாய்யா, போய்யா'. பிரேக் வாத்தியாரின் இலக்கணம் அவ்வளவுதான். ஒல்லியான நெடிய உடம்பு. இரண்டு முழங்கையிலும் பிறாண்டலும் பல் தடமுமாக, கிறுக்கித் தள்ளிய சிலேட்டு மாதிரி இருக்கும். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் தோல் கையுறை, பழைய துண்டுகள், கம்பிக்கூடை, மஞ்சள் மருந்து. டயர் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மாணவி கேட்டபோது, "டயருக்கு வலிக்காதும்மா" என்றார்.

அவரிடம் படித்தவர்களை ஊரில் எளிதாக அடையாளம் காணலாம். மூன்றாவது கியருக்கு மேல் போகப் பயப்படுவார்கள். ஆனால் தோளில் ஆட்டுக்குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதும் அசையாமல் ரிவர்ஸ் எடுப்பார்கள். சந்தில் திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்காமல் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பார்ப்பார்கள்.

ஊரில் இரக்கத்துக்குக் குறைவே இல்லை. வாத்தியாரின் தொலைபேசிக்கு அது நன்றாகத் தெரியும். "சார், இங்க ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கு. பாக்கவே மனசு தாங்கல. சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போங்க." வாத்தியார் போய்ச் சேரும்போது, மனசு தாங்காதவர்கள் வட்டமாக நின்று தாங்கமுடியாமல் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். "யாராவது ஒரு கை பிடிய்யா" என்று அவர் கேட்டதும் வட்டம் ஒரு சுற்று பெரிதாகும். ஒருவருக்கு ஆபீஸ் நேரமாகிவிடும். இன்னொருவர் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ரொம்ப இளகின மனசு சார். அதான் கிட்ட வரமாட்டேன்."

இப்படி வந்து சேர்ந்தவர்கள் குணமானதும் போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுவதாகத்தான் வாத்தியார் சொல்வார். அங்கேதான் சிக்கல். அவருக்கு எந்த வீடும் நல்ல வீடாகத் தெரியாது. பூனைக்குட்டி கேட்டு வந்த தம்பதியை வாசலிலேயே நிற்கவைத்து விசாரித்தார். மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? வீட்டில் யாராவது கத்திப் பேசுவார்களா? கத்தினால் எந்த நேரத்தில்? கடைசியில் அந்தக் கணவர் கத்திவிட்டார். "பாத்தியா, நான் நெனச்சேன்" என்று வாத்தியார் குட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய மனைவி சன்னல் வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா உங்ககிட்ட இதுல பாதி கேட்டிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்" என்பாள்.

ஒருமுறை கறிக்கடைக்காரர் வந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிப் பிழைத்த கிழட்டு நாய் ஒன்று அப்போது வீட்டில் இருந்தது. எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு ஓவர்சியர் என்று பெயர். கறிக்கடைக்காரர் அதைத் தெருவில் பார்த்துப் பழகியிருந்தார். "நான் வெச்சுக்கறேன் மாஸ்டர்" என்றார். "என்ன தொழில்?" என்று கேட்டார் வாத்தியார். பதில் வந்ததும் கேட்டைச் சாத்தினார்.

ஆக, வருகிறவர்கள் வந்தார்கள், போகிறவர் ஒருவரும் இல்லை. சோபாவில் பூனைகள், கட்டிலுக்கடியில் நாய்கள், குளியலறையில் இறக்கை கட்டுப் போட்ட காகம். அலமாரியின் உச்சியில் மேனேஜர். ஒரு காது இல்லாத கடுவன் பூனை அது. மற்றவர்கள் வேலை செய்யும்போது உயரத்தில் உட்கார்ந்துகொண்டு சீறுவதுதான் அதன் முழுநேரப் பணி. வீட்டில் யார் எதைத் தொட்டாலும் உரோமம் பறக்கும். சாப்பிடும்போது வாயிலிருந்து ஒரு இழையை எடுத்துவிட்டுத்தான் அவர்கள் பேச்சைத் தொடர்வது வழக்கம்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஊரில் அவள் முகம் தெரியாதவர்கள்கூட அவள் குரலை அறிவார்கள். கொஞ்ச காலமாக அந்தக் குரல் நடுவில் அறுந்தது. "மூன்றாவது நடைமேடையில்..." என்று ஆரம்பிப்பாள். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்றாவது நடைமேடையை நோக்கி ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு ஓடும். "...நிற்கும் பேருந்து இன்று புறப்படாது" என்று முடிப்பதற்குள் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நடத்துநர்கள் கேலி செய்தார்கள். பார்சல் அலுவலகத்துப் பெண், "அக்கா, உங்களுக்கு மூச்சிழுப்பு மாதிரி இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்றாள். தினமும் பயணம் செய்யும் ஒரு பெரியவர் மிளகு வடிவ மாத்திரைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆக, ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது.

வாத்தியாருக்கு ஒரு மாலை தெரியவந்தது. வீட்டில் விசில் போல ஒரு சத்தம். சன்னமாக, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். யாருக்கோ நெஞ்சில் சளி. கால்நடை மருத்துவர் பழசென்று கொடுத்திருந்த ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார். ஓவர்சியரைப் புரட்டிப் போட்டுக் கேட்டார், சுத்தமாக இருந்தது. பூனைகளை மடியில் வைத்துக் கேட்டார், உறுமல்தான் கேட்டது. "ஐயா, ஒரே ஒரு நிமிஷம்" என்று ஏணி போட்டு ஏறி மேனேஜருக்கும் வைத்துப் பார்த்தார். கையில் புதிதாக ஒரு கோடு விழுந்ததே தவிர அங்கேயும் குறையில்லை. காகத்தையும் விடவில்லை.

சத்தம் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே போனார். அது அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே அவர் மனைவி குனிந்து, வரிசையாக வைத்திருந்த கிண்ணங்களில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் போடுவதும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், அடுத்ததைப் போடுவதுமாக இருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார் வாத்தியார்.

"மழைக்கு முன்னாடியிலருந்து."

"ஏன் சொல்லலை?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் காதிலிருந்த கருவியைப் பார்த்தாள். "குரைச்சிருந்தா கவனிச்சிருப்பீங்க. எனக்குத்தான் குரைக்க வரல" என்றாள். அதைச் சொல்லி முடிக்கவும் நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

நெஞ்சு மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசும் ஆள் இல்லை. "உங்களுக்கு உரோமம் ஒத்துக்கல. மூச்சுக்குழல் சுருங்கிக்கிட்டே வருது. ஒண்ணு, அதுங்க வீட்டை விட்டுப் போகணும். இல்லே, நீங்க போகணும்" என்றார் மனைவியிடம்.

வாத்தியார் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த 'இல்லே'யில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். மருத்துவர் பேனா மூடியைத் திருகி முடிக்கும்வரைதான் இருக்கும். ஆனால் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். படி இறங்கும்போது, "யோசிச்சீங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள். அன்று வண்டியை அவரே ஓட்டினார். வழியில் எதற்கும் நிற்கவில்லை.

மறுநாளிலிருந்து வாத்தியார் ஊரின் இரக்கத்தைத் தேடிப் புறப்பட்டார். தன்னைக் கூப்பிட்டவர்களையெல்லாம் தான் கூப்பிட்டார். ஒருவர் வீட்டில் புதிதாகத் தரை போட்டிருந்தார்கள். ஒருவருக்கு மாமியார் வந்திருந்தார். எப்போது போவாரென்று கேட்டதற்கு, அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இளகின மனசுக்காரி, "அதுங்களைப் பிரிய உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்!" என்று போனிலேயே அழுதாள். அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

கடைசியில், தான் வாசலோடு திருப்பியனுப்பியவர்களின் வீட்டுப் படிகளில்தான் வாத்தியார் ஏற வேண்டியிருந்தது. கத்தின கணவர் கதவைத் திறந்தார். வாத்தியார் இரண்டு பூனைக்குட்டிகளைக் கூடையோடு நீட்டினார். அவர் மெதுவாக, மிக மிக மெதுவாக, "உள்ளே வாங்க சார், தூங்குதுங்களா?" என்று கேட்டார். மாடிச் சுவரை அளக்க வாத்தியாரின் கண் ஒருமுறை மேலே போயிற்று. கஷ்டப்பட்டு அதைக் கீழே இறக்கினார்.

கறிக்கடைக்குப் போகத்தான் அவருக்குக் கால் வரவில்லை. போனபோது கடையில் கூட்டம். ஒதுங்கி நின்றார். எல்லாரும் போனபின் கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "என்ன தொழில் பண்றேன்னு இப்பத் தெரியுமா மாஸ்டர்?" என்றார்.

"தெரியும்."

"முறைப்படி பாத்தா நான் இப்ப ஷட்டரை இறக்கணும்."

"இறக்கலாம். தப்பில்லை."

கறிக்கடைக்காரர் இறக்கவில்லை. வெளியே வந்து காரின் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். ஓவர்சியர் அவரை மேற்பார்வை பார்த்தார். "எந்தப் பக்கம் படுத்துப்பாரு? வலது இடுப்புதானே அடிபட்டது? தரை சில்லுன்னு இருந்தா குத்துமே, சாக்கு போடவா, மெத்தை போடவா?" என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். 'படுத்துப்பாரு' என்ற சொல்லில் வாத்தியாரின் முகம் என்னவோ போலாயிற்று. "இடது பக்கம்தான் படுத்துப்பாரு. சாக்கே போதுங்க" என்றார். ஒரு மனிதரிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதை அன்றுதான் தெரு கேட்டது.

இப்படி ஒவ்வொருவராகப் போனார்கள். காகம் தானாகவே பறந்துவிட்டது. அதற்கு நேர்காணல் தேவைப்படவில்லை. மிஞ்சியது மேனேஜரும், யாருக்கும் வேண்டாத சிலரும். பார்த்தவர்களையெல்லாம் மேனேஜர் கடித்தார். பயிற்சிப் பள்ளியின் முதலாளி வாத்தியாருக்கு மச்சான், மனைவியின் அண்ணன். பள்ளிக்குப் பின்னால் பழைய வண்டிகள் நிறுத்தும் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. காரின் சீட் கவரை நினைத்தே இரத்த அழுத்தம் வந்தவரிடம் கொட்டகையைக் கேட்க வாத்தியாருக்குத் துணிவில்லை. மனைவி போனாள்.

"அண்ணா, உனக்கு என் மூச்சு முக்கியமா, கொட்டாய் முக்கியமா?"

அண்ணனும் கொஞ்சம் யோசித்தார். இந்த இடத்தில் இவர்கள் எல்லாரும் யோசிக்கத்தான் செய்கிறார்கள் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அவர் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். "ஆனா ஒண்ணு, ஆபீஸ் ரூமுக்குள்ள ஒண்ணும் வரக்கூடாது" என்றார். இப்போது மேனேஜர் அவருடைய சுழல் நாற்காலியில்தான் படுத்திருக்கிறார். முதலாளி மேசையோரம் நின்றபடியே கையெழுத்துப் போடுகிறார். எழுப்பலாமே என்று யாராவது சொன்னால், கட்டைவிரலில் சுற்றிய துணிக்கட்டைக் காட்டுகிறார்.

வாத்தியார் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று காலையிலும் வண்டி பழக வந்த ஒரு வங்கி அதிகாரி மேம்பாலத்தின் நடுவில் ஹாரன்களுக்கு நடுவே கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் வாத்தியார் கொட்டகையில் இருக்கிறார். மருந்து போடுகிறார், மச்சானிடம் திட்டு வாங்குகிறார். மனைவியின் குரல் பேருந்து நிலையத்தில் பழையபடி ஒரே மூச்சில் போகிறது. வீட்டில் தரை பளிச்சென்று இருக்கிறது. அவர் அந்தத் தரையைக் கொஞ்சம் பயத்தோடுதான் மிதிக்கிறார்.

வீட்டுக்குள் நுழையும் முன் வெளியே நின்று, ஒட்டும் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டையை ஒற்றி எடுக்கிறார். காலர், கை, கால்சட்டை மடிப்பு, காலுறை. பிறகு அழைப்புமணியை அழுத்துகிறார். மனைவி கதவைத் திறந்து, குறுக்கே நின்றுகொண்டு, சுட்டுவிரலைச் சுழற்றுகிறாள். வாத்தியார் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுத் திரும்புகிறார்.

அவள் அவர் தோளிலிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள்.

"இது யாரோடது?"

வாத்தியார் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். நீளத்தைப் பார்க்கிறார், நுனியைப் பார்க்கிறார். எல்லாரையும் மனசில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்.

"என்னோடதுதான்" என்கிறார்.

அவள் அதைத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மூச்சை நன்றாக இழுத்துப் பார்க்கிறாள். பிறகு கதவை விட்டு விலகி வழி விடுகிறாள்.